காலிமுகத்திடலில் மண்டியிடுவதற்கு முன்: கொழும்பில் கலியாணம் கேட்கப்போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

என்னிடம் ஒரே ஆள் இரண்டு தடவை கலியாணம் கேட்டிருக்கிறார். முதல் தடவை காலிமுகத்திடலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சனக்கூட்டத்தின் நடுவே, மண்டியிட்டு. ‘பிறகு சொல்றன்’ என்றேன். இரண்டாம் தடவை வெள்ளவத்தை ரயில் நிலையத்து வாங்கில், மழைக்கு ஒதுங்கி இருந்தபோது. ‘ஓம்’ என்றேன். ஆளும் அதே ஆள், மோதிரமும் அதே மோதிரம். இடையில் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு, கேட்கப்போகிறோம் என்று வருகிற தம்பிமார் தங்கச்சிமார் எல்லாருக்கும் நான்தான் ஆலோசகர். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைக்கிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இங்கே தமிழ்க் குடும்பங்களில் கேள்வி இரண்டு. ஒன்றை அந்த ஆளிடம் கேட்கிறோம், மற்றதை அந்த ஆளின் வீட்டாரிடம். முதலாவதற்கு ஒரு நிமிடம் போதும். இரண்டாவது மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டுக்கும் தனித்தனி இடம், தனித்தனி நேரம், தனித்தனிச் சொற்கள். எங்கள் சிக்கல் எல்லாம் முதல் கேள்வியின் வீடியோ இரண்டாவது கேள்விக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததால் வந்தது.

எங்களைப் பற்றி இரண்டு வரி. நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். அம்மா அப்பாவுக்கு ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சி. இவர் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, வேலைக்காகக் கொழும்பு வந்து, தெஹிவளையில் ஒரு அறையில் இருந்தவர். தெஹிவளையில் ஏறி வருவார், நான் வெள்ளவத்தையில் ஏறுவேன், இருவரும் கொள்ளுப்பிட்டியில் இறங்குவோம். இடையில் பம்பலப்பிட்டி மட்டும்தான். நாளுக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாத அந்தக் கடலோர ரயில் பயணத்தில் ஒன்றரை வருடம் பேசித்தான் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டோம்.

1. மோதிரத்துக்கு முன் பேச்சு

கேட்கிற நாளை மறைத்து வைக்கலாம். கலியாணத்தைப் பற்றிய எண்ணத்தை மறைத்து வைக்க முடியாது. மண்டியிடுகிற அன்றுதான் அவளுக்கு விஷயமே தெரியவருகிறது என்றால், நீங்கள் இன்னும் கேட்கிற கட்டத்துக்கு வரவில்லை என்று அர்த்தம்.

கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் முதலில் பேச வேண்டியது, எங்கே இருக்கப்போகிறோம் என்பது. பாதிப் பேருக்குக் கனடாவிலோ லண்டனிலோ ஒரு அண்ணா இருப்பார். ‘அங்கால போற எண்ணம் இருக்கோ?’ என்பதை நேராகக் கேளுங்கள். ஒருவர் மனதில் டொரொண்டோவும் மற்றவர் மனதில் தெஹிவளையும் இருந்தால் மோதிரத்தால் அதைத் தீர்க்க முடியாது. அடுத்து, வயதான பெற்றோர் யாரோடு இருப்பார்கள். அடுத்து, கடன். வாகன லீசிங், தங்கச்சியின் கலியாணத்துக்கு வாங்கிய கடன், சீட்டு, எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டுங்கள். இவர் ரயில் சீசன் டிக்கெட் உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு இரத்தப் பரிசோதனை. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு. பலர் இதைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள், ஆனால் எளிய விஷயம். அந்த மரபணுவைச் சுமப்பவருக்கு நோய் எதுவும் தெரியாது. சுமப்பவர் இருவர் சேர்ந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வீத வாய்ப்பில் கடுமையான தலசீமியா வரலாம். சாதகப் பொருத்தத்துக்கு ஆறு மாதம் அலைகிற நாங்கள் இதற்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

2. மோதிரம்

வெள்ளவத்தையிலும் நகைக்கடைகள் உண்டு. ஆனாலும் புறக்கோட்டைச் செட்டியார் தெருவுக்கு ஒரு தடவை போய் நாலு கடை ஏறி இறங்குங்கள். விலை தெரியும், வேலைப்பாடு தெரியும். தங்கத்தைப் பவுண் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு பவுண் 8 கிராம். சாதாரண மோதிரத்துக்குக் கால் பவுண், கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் அரைப் பவுண், அவ்வளவுதான். பில்லில் தங்கத்தின் நிறை, கரட், கல்லின் நிறை, செய்கூலி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லையும் சேர்த்துத் தங்க விலைக்கு நிறுத்துவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

கல் என்றதும் எல்லாரும் நீலக்கல்லுக்கே போகிறார்கள். இலங்கை நீலக்கல் உலகப் பிரசித்தம். 1981இல் இளவரசர் சார்ல்ஸ் டயானாவுக்குப் போட்ட மோதிரத்தில் இருந்ததே 12 கரட் இலங்கைக் கல்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு நீலம் சனீஸ்வரனின் கல். சாதகம் பார்க்காமல் நீலம் போடக்கூடாது என்று நம்புகிற வீடுகள் ஏராளம். இவருக்கு இது தெரியாது. ஆசை ஆசையாகச் சின்ன நீலக்கல் ஒன்று பதித்த மோதிரத்தை வாங்கிவிட்டார். அம்மா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘ஆரைக் கேட்டு நீலம் வாங்கினவர்?’ ஆகவே வாங்குவதற்கு முன் அந்த வீட்டின் நம்பிக்கையை நைசாக விசாரித்துக்கொள்ளுங்கள். வாங்குவதென்றால், சூடேற்றிய கல்லா, சூடேற்றாத கல்லா என்று கேட்டு, ஆய்வுகூடச் சான்றிதழோடு வாங்குங்கள். சூடேற்றுவது ஏமாற்று வேலை இல்லை, இங்கே காலங்காலமாக நடக்கிற வேலைதான். ஆனால் விலை வேறு.

அளவுக்கு, அவள் வழக்கமாகப் போடுகிற மோதிரம் ஒன்றை எப்படியாவது ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்வது நல்லது. கொழும்பு வெக்கைக்கு மாலையில் விரல் கொஞ்சம் தடிக்கும். காலையில் நூல் சுற்றி எடுத்த அளவு மாலையில் இறுக்கும்.

இன்னொன்று. நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றுகிற வழக்கம் உள்ள வீடு என்றால் அங்கே இன்னொரு மோதிரம் வரும். முதல் மோதிரத்திலேயே கையிருப்பை எல்லாம் கொட்டாதீர்கள்.

3. இடமும் நாளும் நேரமும்

காலிமுகத்திடலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் இந்த உலாவும் பாதையை முடித்து, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காகத் தனக்குப் பின் வருகிற ஆளுநர்கள் இதைப் பேண வேண்டும் என்று எழுதிவைத்தது. காதலர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குடையை அவர்களாகத்தான் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் நட்ட நடு மத்தியானத்தில் போனால் சுவரோரமாக வரிசைக்குக் குடைகள் தெரியும். ஒவ்வொரு குடைக்குக் கீழும் நான்கு கால்.

அழகான இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அங்கே நடந்ததைக் கேளுங்கள்.

ஜூலை மாதம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேரே கடலிலிருந்து முகத்தில் அடிக்கும். பட்டம் விடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம், சேலை கட்டியவர்களுக்குத் திண்டாட்டம். நான் இறால் வடை தின்றுகொண்டிருந்தேன். இறாலைக் கடித்துவிட்டு, வடையில் பூசிய மிளகாய்ச் சம்பலை விரலால் வழித்துக்கொண்டிருந்த நேரம். இவர் திடீரென்று முழங்காலில் இருந்தார். ஏதோ விழுந்துவிட்டது, தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். காற்றில் மண் பறந்து கண்ணுக்குள் விழுந்தது. நான் யோசிக்காமல் அதே விரலால் கண்ணைக் கசக்கிவிட்டேன். ஒரு கண்ணில் மண், மற்றக் கண்ணில் மிளகாய். கண் திறக்க முடியாமல் நிற்கிறேன். சுற்றி நின்ற சனம் நான் ஆனந்தக் கண்ணீர் விடுகிறேன் என்று நினைத்துக் கைதட்டுகிறது. ‘சரின்னு சொல்லுங்க அக்கா!’ என்று முன்பின் தெரியாத ஒருவர் கத்துகிறார். இவருடைய நண்பர் ஒருவர் வடை வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று எல்லாவற்றையும் படம் பிடிக்கிறார்.

அந்த இடத்தில் எனக்கு வந்தது கோபம். இவர் மேல் அல்ல, அந்தக் கைதட்டலின் மேல். நூறு பேர் ஒரு பதிலுக்குக் காத்து நிற்கும்போது அது கேள்வியாகவே இருக்காது. ‘பிறகு சொல்றன்’ என்றேன். சனம் ‘ச்சே’ என்று கலைந்தது.

ஆகவே எனது முதல் விதி: இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் கேட்காதீர்கள். அலுவலக விருந்து, சொந்தக்காரரின் கலியாண வீடு, உணவகத்தில் பரிமாறுபவர்கள் கேக் தூக்கிக்கொண்டு வருகிற ஏற்பாடு, எல்லாம் அந்த வகை. கோயிலையும் இதில் சேர்ப்பேன். மயூராபதி அம்மனுக்கு முன்னால் நின்று ‘இல்லை’ என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கோயிலுக்குப் பதில் கிடைத்த பிறகு சேர்ந்து போங்கள்.

இரண்டாவது விதியை அம்மாவிடம் கற்றேன். வீடியோவைப் பார்த்துவிட்டு அழுத அழுகைக்கு நடுவிலும் அவர் கேட்டார்: ‘எத்தினை மணிக்குக் கேட்டவர்?’ ஐந்தேகால் என்றேன். ‘ஞாயிற்றுக்கிழமை ஐந்தேகாலோ? ராகு காலத்திலயோ?’ உண்மைதான். ஞாயிறு மாலை 4.30 தொடக்கம் 6 மணி வரை ராகு காலம். கொழும்பில் பெரும்பாலானவர்களுக்கு ஓய்வு கிடைக்கிற, வெயில் தணிகிற, படத்துக்கு வெளிச்சம் நன்றாக விழுகிற அந்த நேரம் முழுவதும் ராகுவிடம்தான் இருக்கிறது! உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பின்னால் இந்தக் கேள்வி வரும். ஞாயிறென்றால் ஆறு மணி கழியட்டும். சூரியன் மறைவதற்கு வருடத்தின் பெரும்பகுதியில் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். இங்கே கிட்டத்தட்ட ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில்தான் எப்போதும் மறைவு. மறைந்தால் சட்டென்று இருட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதத்தைக் கேட்டால் டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை என்பேன். கடல் அடங்கியிருக்கும், வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னலோடு மழை கொட்டும். பௌர்ணமிப் போயா நாளைத் தவிருங்கள். ஊரே விடுமுறையில் கடற்கரைக்கு வந்துவிடும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விகாரமகாதேவி பூங்கா காலையில் நல்லது, நிழல் உண்டு. சுதந்திர சதுக்கத்தில் விடியற்காலையும் மாலையும் நடைப்பயிற்சிக்காரர் கூட்டம், அதில் கட்டாயம் ஒரு மாமா தெரிந்தவராக இருப்பார். தாமரைக் கோபுரம் 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதிலிருந்து பலர் மேலே ஏறிக் கேட்கிறார்கள். காட்சி அபாரம், ஆனால் வரிசையும் லிஃப்டும் சனமும் உண்டு. மரைன் டிரைவில் வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. படத்துக்காகத் தண்டவாளத்தில் நிற்கிற வேலையே வேண்டாம். அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது.

கல்கிசைக்குப் போவோருக்கு ஒரு கதை. 1805 முதல் 1811 வரை ஆளுநராக இருந்த தோமஸ் மெயிட்லண்ட், லொவினியா என்ற நடனக்காரியைக் காதலித்தார், சுரங்கப்பாதை வழியாக அவளைத் தன் மாளிகைக்கு வரவழைத்தார் என்று சொல்வார்கள். அந்த மாளிகை நின்ற இடத்தில்தான் இன்றைக்குப் பெரிய ஹோட்டல். கதையின் கடைசியில் ஆளுநர் தனியாகக் கப்பலேறிப் போய்விடுகிறார். சுரங்கம் தோண்டத் தெரிந்தவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

4. கேட்கிற அந்த நிமிடம்

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை. வேலை முடிந்து வெள்ளவத்தையில் இறங்கினேன். இவரும் தெஹிவளைக்குப் போகாமல் கூடவே இறங்கினார். மழை பிடித்துக்கொண்டது. மேடையின் கூரைக்குக் கீழே வாங்கில் இருந்தோம். கூரை ஒழுகி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சொட்டியது. இவர் தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமா?”

அந்த நேரம் பார்த்து நிற்காத ரயில் ஒன்று இரைச்சலோடு கடந்தது.

“என்ன? கேக்கேல்ல.”

இவர் குரலை உயர்த்தவில்லை. கடைசிப் பெட்டி போய், அந்தக் காற்றும் அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதே சொற்களை அதே குரலில் திரும்பச் சொன்னார்.

“ஓம்” என்றேன்.

“ஓம்னா ஆமாவா?” என்று கேட்டார். ஒன்றரை வருடமாக என் ‘ஓம்’களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்!

இதிலிருந்து சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்கள் வாயில் வழக்கமாக வருகிற தமிழிலேயே கேளுங்கள். வசனம் எழுதி மனப்பாடம் செய்தால் நடுவில் மறக்கும், மறந்தது முகத்தில் தெரியும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். பதில் வரும்வரை நிரப்புவதற்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். ‘யோசிக்க வேணும்’ என்றால் எத்தனை நாள் என்றுகூடக் கேட்காதீர்கள். படம் வேண்டுமென்றால் பதிலுக்குப் பிறகு எடுங்கள். எடுத்ததை எங்கேயும் போட வேண்டாம். ஏன் என்பது அடுத்த படியில்.

5. வீட்டுக்குச் சொல்வது

காலிமுகத்திடல் வீடியோ என் அம்மாவின் போனுக்கு வந்து சேர நாற்பது நிமிடம் பிடித்தது. நண்பர் போட்டது அல்ல, கூட்டத்தில் நின்ற யாரோ எடுத்தது. அது எந்தெந்தக் கைக்கு மாறியதோ, என் சின்ன மாமிக்கு வந்தது. மாமி குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: ‘இது எங்கட பிள்ளையோ?’ நான் 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டியைக்கூடத் தாண்டவில்லை, குழுவில் பதினேழு பேர் பார்த்துவிட்டார்கள். அதில் ஐந்து பேர் கனடாவில், ஸ்காபரோவில்.

ஆகவே, பதில் கிடைத்த அன்றைக்கே, மிஞ்சிப் போனால் மறுநாளே, இரண்டு பேரும் அவரவர் வீட்டில் சொல்லிவிடுங்கள். நீங்களே, நேரில், முதலில். மற்றவர் வாயால் கேட்டால் அம்மாமாருக்கு விஷயத்தைவிட ‘எனக்குச் சொல்லேல்ல’ என்பதுதான் வலிக்கும். எல்லா வீட்டிலும் நயமாகப் பேசத் தெரிந்த ஒருவர் இருப்பார்: ஒரு பெரியப்பா, ஒரு அத்தான். அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாக அவருக்குச் சொல்லுங்கள். பேச்சுக்கால் தொடங்கும்போது அவர் தேவைப்படுவார்.

அடுத்தது, கேள்விகளுக்குத் தயாராவது. வேலை, சம்பளம், படிப்பு எல்லாம் சும்மா முன்னுரை. உண்மையான கேள்விகள் மூன்று, இந்த ஒழுங்கில் வரும்: ‘எந்த ஊர்? ஊரில எவ்விடம்? எந்தக் கோயிலடி?’ மூன்றாவது பதிலில் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வாயால் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள், கணக்கை மனதுக்குள் போட்டுக்கொள்வார்கள். என் அம்மாவும் தொடங்கினார். ‘எந்த ஊர்?’ ‘ஹட்டன்.’ அம்மாவின் வரைபடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவோடு முடிந்துவிடும். ‘ஹட்டனில எவ்விடம்?’ என்று கேட்டார். இவர் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொன்னார். அதற்கு மேல் என்ன கேட்பதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. சும்மா இருந்துவிட்டு, ‘குளிர் கூடவோ?’ என்றார்.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, அது சிரிப்பான விஷயம் அல்ல. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை எங்கள் குழுவில் ஒருவர் எழுதினார். நான் அந்த ஆளை நேரில் கண்டு, அது வேண்டாம் என்று சொன்னேன். இப்படி ஏதாவது வரும்போது பேச வேண்டியவர் அந்த வீட்டுப் பிள்ளைதான். வருகிறவர் தன்னைத் தானே தற்காத்துக்கொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். ஊரையோ சாதியையோ மதத்தையோ மறைத்துச் சொல்கிற யோசனையும் கூடாது. கொழும்பில் மூன்று போன் அழைப்பில் எல்லாம் வெளிவரும்.

முதல் சந்திப்புக்கு எதைக் கொண்டுபோவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். இவர் அரைக் கிலோ தேயிலை கொண்டுவந்தார், தோட்டத்திலிருந்து அவருடைய அம்மா அனுப்பியது. என் அப்பா தேத்தண்ணியில் நிபுணர். கடைத் தேயிலை எதையும் ஒத்துக்கொள்ளாதவர். அன்றைக்கு ஒன்றும் பேசாமல் இரண்டு கோப்பை குடித்தார். இவர் போன பிறகு, ‘பெடியன் கதைக்கிற தமிழ்தான் ஒரு மாதிரி, தேயிலை திறம்’ என்றார். நல்ல தொடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய பரிசு தேவையில்லை, உங்கள் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று போதும். தேத்தண்ணி தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

6. சாதகம்

பொருத்தம் பார்க்கிற வீடென்றால் வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்று முதலிலேயே கேளுங்கள். ஒரே பிறந்த நேரத்துக்கு இரண்டிலும் கணிப்பு வித்தியாசப்படலாம். ஒன்றில் பொருந்தாதது மற்றதில் பொருந்திய கதைகள் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு உண்டு. யாழ்ப்பாணத்தார் செவ்வாய்க் குற்றமும் பாவக் கணக்கும் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் செவ்வாய் இருந்தால் பிரச்சினை இல்லை, ஒருவருக்கு மட்டும் இருந்தால்தான் பேச்சு.

எங்கள் கதையில் இவருக்குச் சாதகமே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர், நேரம் யாரும் குறிக்கவில்லை. ‘விடியற்காலை, கொழுந்துக்குப் போற நேரம்’ என்றுதான் அவருடைய அம்மாவுக்கு ஞாபகம். எங்கள் அம்மா இடிந்துபோனார். கடைசியில் பெரியப்பாதான் வழி சொன்னார்: பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகச் சுருட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பிறகு பெரியப்பாவைக் கேட்டேன். ‘அதிலயும் வெள்ளைதான் சுத்தினனான்’ என்றார்.

7. சீதனமா, பரிசமா

இந்தப் பகுதியைப் பேசாமல் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம், தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம் சண்டை பிடிக்கிறார்கள். யாழ்ப்பாண வழக்கில் பெண் வீட்டார் சீதனம் கொடுப்பது, மாப்பிள்ளை வீட்டாருக்கு ‘டொனேஷன்’ என்று கையில் காசு கொடுப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. மலையகத்தில் பரிசம் போடுவது வழக்கம், மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு பெண் வீட்டுக்கு வருவார்கள். ஆகவே எங்கள் வீட்டார், அவர்கள் எவ்வளவு கேட்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் வீட்டார் எவ்வளவு வைக்க வேண்டுமோ என்று பயந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பயமும் ஒரே வரவேற்பறையில் எதிரெதிரே உட்கார்ந்து கால் மணித்தியாலம் மழையைப் பற்றிப் பேசியது.

நானும் இவரும் முன்பே முடிவெடுத்திருந்தோம்: காசு எந்தப் பக்கமும் கைமாறாது. அதை இவர்தான் எங்கள் வீட்டில் சொன்னார், நான்தான் அவர்கள் வீட்டில் சொன்னேன். மாற்றிச் சொல்வதில் பலன் உண்டு. பெறக்கூடிய பக்கமே வேண்டாம் என்றால் மற்றவர்களுக்கு அதில் பேச ஒன்றும் மிச்சமில்லை.

தாலியிலும் இதே கதை. எங்கள் ஆட்களுக்குக் கொடி வேண்டும், கனமாக, ஒற்றைப்படைப் பவுணில். அதற்குப் பொன்னுருக்கு என்று தனிச் சடங்கே உண்டு. அவர்களுக்கு மஞ்சள் கயிறு. கயிற்றில் கட்டிவிட்டுப் பிறகு கொடிக்கு மாற்றினோம். கொடி சின்னதுதான். மாமி மட்டும் இன்னும் குறை சொல்கிறார்.

முகூர்த்தம் குறித்த உடனே மண்டபத்துக்கு ஓடுங்கள். ஆடியும் மார்கழியும் போக மிச்ச மாதங்களின் நல்ல நாட்களுக்குப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை மண்டபங்களில் எல்லாரும் போட்டி. முகூர்த்த நாட்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே.

8. எழுத்து

கையெழுத்துப் போடுகிற நாளை எங்கள் ஆட்கள் ‘எழுத்து’ என்பார்கள். பொது விவாகங்களை 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. இருவரும் முஸ்லிம்கள் என்றால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். கத்தோலிக்கர் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே போக வேண்டும், கோயிலில் கலியாண அறிவிப்பான ஓலை வாசிக்க நாள் பிடிக்கும்.

சாதாரண வழியில், நீங்கள் வசிக்கிற பிரிவின் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் அந்தப் பிரிவில் குறைந்தது 10 நாள் வசித்திருக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு பிரிவென்றால் இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். அறிவித்தல் பதிந்து 12 நாள் கழிந்து, 3 மாதத்துக்குள் எழுத்து நடக்க வேண்டும். அவசரம் என்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், சாட்சிக்கு இருவர் வேண்டும். வெள்ளவத்தைக்காரருக்குரிய பிரதேச செயலகம் திம்பிரிகஸ்யாய என்பதை மறந்து, பெயரைப் பார்த்துக் கொழும்புப் பிரதேச செயலகத்துக்குப் போய் அலையாதீர்கள்.

அதற்கு முன் இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இவருடைய அப்பாவின் பெயர் ஒன்றில் ‘கருப்பையா’, மற்றதில் ‘கறுப்பையா’. தோட்டத்துப் பதிவுகளில் இது சாதாரணம். திருத்த எடுத்த காலம், மொத்தக் கலியாணப் பேச்சுக்கு எடுத்த காலத்தைவிட அதிகம்.

யாழ்ப்பாணத்தாருக்கு இன்னொரு விஷயம், தேசவழமை என்ற மரபுச் சட்டம். அது பொருந்துகிற மனைவி, தன் பெயரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். யாழ்ப்பாணத்தாரின் விவாக உரிமை, மரபுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் தேசவழமைக்குள் இருக்கிற பெண், அது பொருந்தாத ஒருவரைக் கட்டினால், அந்தக் கலியாணம் நிலைக்கும்வரை அவளுக்கும் அது பொருந்தாது. எனக்கு வடமராட்சியில் இரண்டு பரப்புக் காணி இருக்கிறது. சட்டத்தரணி இதை விளக்கியபோது அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘அப்ப ஹட்டன் மாப்பிள்ளையால லாபம்தான்’ என்றார். மறுவழியும் உண்டு: தேசவழமைக்கு வெளியே உள்ள பெண் அதற்குட்பட்ட ஆணைக் கட்டினால் அவள் உள்ளே வருகிறாள். காணி பூமி இருந்தால் எழுத்துக்கு முன்னமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

சாட்சிக்கு யார் என்று பேச்சு வந்தது. இவர் பக்கத்துக்கு, வடை வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்ற அந்த நண்பர். என் பக்கத்துக்குப் பெரியப்பாவைச் சொல்லியிருந்தேன். சின்ன மாமி விடவில்லை. ‘முதல் முதல் எல்லாருக்கும் சொன்னதே நான்தான்’ என்றார். சரி என்றேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மேசையில் வைத்து நிமிர்ந்தபோது மாமியின் போன் பதிவேட்டுக்கு மேலே நின்றது. ஸ்காபரோவிலிருந்து முதல் வாழ்த்து, மாமி தன் கையெழுத்தைப் போட்டு முடிப்பதற்கு முன்னமே வந்துவிட்டது.